உண்மைச் சம்பவப் படத்துக்குக் கற்பனை அறிவிப்பு எழுதுவது எப்படி?

முழுக் கற்பனைப் படத்துக்கு அறிவிப்பே தேவையில்லை என்பது என் கருத்து. உண்மைச் சம்பவத்தைத் தழுவிப் படம் எடுப்பவரோ, ‘கதாபாத்திரங்கள், சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்ற பழகிய வரியோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. யாருடைய கதை என்று ஊருக்கே தெரிந்திருக்கையில் அதை எவரும் நம்புவதில்லை. அவதூறு வழக்கிலும் அது மட்டும் காப்பாற்றிவிடாது.

முதலில் திரைக்கதையைக் காட்சி வாரியாகப் படித்து, ஆவணமோ சாட்சியமோ உள்ளவை, பலரை ஒருவராக்கிய பாத்திரங்கள், முற்றிலும் புனைந்தவை எனப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உயிரோடிருப்பவரை இழிவாகக் காட்டும் புனைவுக் காட்சிகளே மிகவும் ஆபத்தானவை. ரஷ்யப் பேரரசர் குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் 1932இல் வெளியிட்ட படத்தில், ஓர் இளவரசி அவரால் கெடுக்கப்பட்டதாகச் சித்திரிக்கப்பட்டிருந்தது. அது தன்னையே குறிப்பதாக இளவரசி இரினா யூசுபோவ் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கில் அவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 1934இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பாத்திரங்களில் சிலர் இன்னும் உயிரோடிருப்பதாக அந்தப் படமே தொடக்கத்தில் பெருமையாக அறிவித்திருந்ததுதான் வேடிக்கை. ‘அனைத்தும் கற்பனையே’ என்ற வரி ஹாலிவுட்டில் வழக்கமாக வேரூன்றியதற்கு இந்த வழக்கே காரணமாகச் சொல்லப்படுகிறது.

அடுத்து, எது கற்பனை என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘ஒரு கொலை வழக்கைத் தழுவியது, விசாரணை அதிகாரியின் பாத்திரமும் உரையாடல்களும் கற்பனை’ என்பது போன்ற இரண்டு வரி போதும். எண்ணிக்கைகளைச் சொன்னால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். ‘தி கேரளா ஸ்டோரி’ வழக்கில், 32,000 பேர் மதம் மாற்றப்பட்டதாகக் கூறப்பட்டதற்கு நம்பத்தக்க தரவு இல்லை என்றும், படம் புனைவு கலந்தது என்றும் அறிவிப்பு சேர்க்கும்படி 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தயாரிப்புத் தரப்புக்குச் சொன்னது. விளம்பரத்தில் உண்மை என்று முழங்கிவிட்டுத் திரையில் கற்பனை என்று ஒதுங்க முடியாது. எனவே சுவரொட்டி, முன்னோட்டம் ஆகியவற்றின் வாசகங்களையும் அறிவிப்போடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

கடைசியாக இடம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய ‘தி கிரவுன்’ தொடருக்குப் புனைவு அறிவிப்பு வேண்டுமென்ற கோரிக்கையை 2020இல் மறுத்த நெட்ஃபிளிக்ஸ், 2022இல் யூடியூப் முன்னோட்டத்தின் விவரக் குறிப்பில் அதைச் சேர்த்தது. அங்கே போய் யார் படிப்பார்கள்? படத்தின் தொடக்கத்திலேயே, நிதானமாகப் படித்து முடிக்கும் நேரம் திரையில் நிற்கும்படி அதை வையுங்கள். மொழிமாற்றிய பதிப்புகளில் அந்தந்த மொழியிலேயே எழுதிச் சேருங்கள்.