சென்னையில வெளியில சாப்பிடப் போறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

சென்னையில நாலு பேரு குடும்பமா ஒரு நல்ல ரெஸ்டாரன்டுக்குப் போனா இப்பல்லாம் ரெண்டாயிரம் மூவாயிரம் சர்வசாதாரணமா போயிடுது, அவ்ளோ கொடுத்துட்டும் வண்டில ஏறும்போதே "சுமார்தான்ல?"ன்னு பேசிக்கிட்டு வர்றவங்கதான் நிறைய. சமையல் மேல மட்டும் பழி போட முடியாதுங்க. விலை கேட்டா மட்டமா நினைப்பாங்க, பில்லை நின்னு படிச்சா கஞ்சன்னு சொல்லுவாங்க, பக்கத்து டேபிள்ல திரும்பிப் பாப்பாங்கன்னு நாம வாயைத் திறக்காம உக்காந்திருக்கோம் பாருங்க, காசு அங்கதான் போகுது, ருசியும் அங்கதான் போகுது. எனக்கு வெளியில சாப்பிடுறது ரொம்பப் பிடிக்கும், அதனாலயே இதெல்லாம் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல பில்லு. பில்லு வந்ததும் கடைசி வரில இருக்கிற மொத்தத்தை மட்டும் பாத்துட்டு கார்டை நீட்டாதீங்க. மேல இருந்து ஒவ்வொரு வரியா படிங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது. சாப்பிடாத ஐட்டம் ஏறியிருக்கா, ரெண்டு நான் ரொட்டி மூணா மாறியிருக்கான்னு பாத்துட்டு கீழ வாங்க, அங்க "எஸ்.சி" இல்ல "சர்வீஸ் சார்ஜ்"னு 5%, 10% போட்டிருந்தா அங்கேயே நில்லுங்க. நிறைய பேரு இதை அரசாங்க வரின்னு நினைச்சுக் கட்டிடுறாங்க. வரியே கிடையாது, கடைக்காரங்க அவங்களா போடுறது. 2022 ஜூலை 4ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவா சொல்லிடுச்சு, சர்வீஸ் சார்ஜை பில்லுல தானா சேக்கக்கூடாது, வேற பேர்ல வாங்கவும் கூடாது, கட்டலைன்னா உள்ள விடமாட்டேன்னும் சொல்லக்கூடாது. ஹோட்டல் சங்கங்க இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க, ரொம்ப நாள் இழுத்து 2025 மார்ச் 28ல டெல்லி ஹைகோர்ட் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு கொடுத்து, வழக்குப் போட்ட ரெண்டு சங்கத்துக்கும் தலா ஒரு லட்சம் கட்டச் சொல்லிச்சு. அவங்க அப்பீல் போயிருக்காங்க.

ரூபாயில பாத்தாதான் உறைக்கும். சாப்பாடு 2,000 ரூபாய்க்குன்னு வைங்க. 10% சர்வீஸ் சார்ஜ் 200 சேத்து 2,200, அந்த 2,200க்கும் சேத்து 5% ஜிஎஸ்டி போட்டு 2,310ன்னு வரும். நியாயமா வர வேண்டியது 2,100தான். சர்வீஸ் சார்ஜ் மேலயே வரி போடுறது இன்னொரு தப்பு, அதுவும் கூடாதுன்னு அதே வழிகாட்டுதல்ல இருக்கு. சண்டையெல்லாம் போட வேண்டாங்க, "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு பில்லு போட்டுக் கொடுங்க சார்"னு கேப்டன்கிட்ட (சப்ளையர்களைப் பாத்துக்கிறவரு) சாதாரணமா சொல்லுங்க, பெரும்பாலும் பேசாம மாத்திக் கொடுத்துடுவாங்க. மாத்த மாட்டேன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அங்க உக்காந்தே கூப்பிடலாம். நம்ம மெஸ், டிபன் கடைல எல்லாம் இந்தப் பிரச்சனையே கிடையாது, மாலுக்குள்ள இருக்கிற இடம், பப், கொஞ்சம் பகட்டான கஃபே, இங்கதான் கண்ணைத் திறந்து வச்சிருக்கணும்.

ஜிஎஸ்டிலயும் ஒரு குழப்பம் இருக்கு. ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் சாதாரண ரெஸ்டாரன்டுக்கு 5%தான், 2017 நவம்பர்ல இருந்தே அப்படித்தான். ரூம் வாடகை 7,500க்கு மேல போற ஸ்டார் ஹோட்டலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்டுன்னா 18%. கல்யாண நாளுக்கு பஃபே போகலாம்னு விளம்பரத்துல "2,499 பிளஸ் டாக்ஸ்"னு பாத்துட்டு நாலு பேருக்கு பத்தாயிரம்னு கணக்கு போட்டுப் போறவங்களுக்கு பில்லு 11,795ன்னு வரும்போது முகம் மாறிடுது. "பிளஸ் டாக்ஸ்"னு இருந்தா எவ்ளோ டாக்ஸுன்னு டேபிள் புக் பண்ணும்போதே கேட்டுக்குங்க. அதே மாதிரி சின்ன கடைல துண்டுச் சீட்டுல ஜிஎஸ்டின்னு எழுதிக் காசு கேட்டா, 33ன்னு ஆரம்பிக்கிற 15 இலக்க நம்பர் பில்லுல இருக்கான்னு பாருங்க (33ங்கிறது தமிழ்நாட்டுக்கான கோடு). கம்போசிஷன் ஸ்கீம்ல (சின்ன கடைங்க மொத்த வியாபாரத்துல கொஞ்ச சதவீதத்தை அவங்களே வரியா கட்டுற முறை) இருக்கிற கடைங்க நம்மகிட்ட ஜிஎஸ்டி தனியா வாங்கவே கூடாது.

தண்ணி விஷயம். உக்காந்ததும் "பாட்டில் வாட்டரா ரெகுலர் வாட்டரா சார்"னு கேப்பாங்க, அந்த இடத்துல கௌரவம் பாத்து பாட்டில்னு சொல்லிட்டு அப்புறம் எம்ஆர்பிக்கு மேல போட்டுட்டான்னு சத்தம் போட்டு பிரயோஜனமில்ல. உக்காந்து சாப்பிடுற இடத்துல எம்ஆர்பிக்கு மேல விக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே 2017 டிசம்பர்ல சொல்லிடுச்சு. ரெகுலர் வாட்டர்னு தைரியமா சொல்லுங்க, டேபிள்ல முன்னாடியே பாட்டில் வச்சிருந்தா திறக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

அடுத்தது மீன், இதுக்கு கொஞ்சம் விரிவா சொல்லணும். மெனு கார்டுல எல்லாத்துக்கும் விலை போட்டிருக்கும், வஞ்சிரம், சங்கரா, நண்டு, சிங்க இறால் பக்கத்துல மட்டும் "ஏபிஎஸ்"னு போட்டிருக்கும், அளவைப் பொறுத்துன்னு அர்த்தம். இதைக் கேக்காம ஆர்டர் பண்றதுதான் சீஃபுட் கடைல நடக்கிற பெரிய தப்பு. ஈசிஆர் பக்கம் ஒரு கடைல சொந்தக்காரங்களோட போயிருந்தப்போ பக்கத்து டேபிள்ல ஒருத்தர் "ஒரு முழு மீன் தவால போடுங்க"ன்னு மட்டும் சொன்னாரு, வந்த மீனு தட்டுக்கு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, பில்லைப் பாத்ததும் அவரு சாப்பிட்டதெல்லாம் மறந்து மேனேஜரைக் கூப்பிட்டாரு. மேனேஜர் சொன்னதும் தப்பில்ல, மெனுல போட்டிருக்கே சார்னாரு. ட்ரேல ஐஸ் மேல அடுக்கிக் கொண்டு வந்து காட்டுவாங்கல்ல, அப்பவே கை காட்டி "இது எவ்ளோ எடை, எவ்ளோ வரும், மசாலா போட்டு ஃப்ரை பண்ணிக் கொடுக்க அந்த விலைலயே ஆகுமா"ன்னு மூணையும் கேளுங்க. கேட்டுட்டு வேணாம்னும் சொல்லலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ட்ரே வரும்போதே மீனையும் பாத்துக்குங்க, கண்ணு தெளிவா வெளிய தள்ளின மாதிரி இருக்கணும், குழி விழுந்து வெள்ளையா பூத்திருந்தா பழசு, செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னா சிவப்பா இருக்கணும், விரலால அமுக்கினா பள்ளம் உடனே மேல வரணும். நறுக்கி மசாலா தடவி வச்ச துண்டுல இதெதுவும் தெரியாது, அதனாலதான் முழு மீனு நல்லதுன்னு சொல்றேன்.

காலமும் பாருங்க. நம்ம கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மே மாசம் லீவுல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் பெரிய வஞ்சிரம் சொல்றீங்கன்னா அது கேரளா பக்கம் இருந்து லாரில வந்ததா இருக்கும், இல்ல ஐஸ்ல கிடந்ததா இருக்கும், விலையும் எகிறியிருக்கும். ஜூன்ல சில நாள் கிழக்கு, மேற்கு ரெண்டு கரையிலயும் தடை இருக்கும், அப்ப சொல்லவே வேணாம். அந்த ரெண்டு மாசம் ஃபைபர் படகுக்காரங்க கரைக்குப் பக்கத்துலயே பிடிச்சிட்டு வர்ற சின்ன மீனு என்ன வந்திருக்குன்னு கேளுங்க, இல்லாட்டி மட்டனுக்குப் போயிடுங்க.

ஆர்டரை ஒரே மூச்சுல கொட்டுறது இன்னொண்ணு. பசில உக்காந்ததும் சூப்பு, மூணு ஸ்டார்ட்டர், நான், பிரியாணி, ஃப்ரைட் ரைஸ்னு எல்லாத்தையும் சொல்லிடுவோம், கிச்சன்ல இருந்து எல்லாம் ஒண்ணாவே வந்து இறங்கிடும், ஸ்டார்ட்டர் முடிக்கிறதுக்குள்ள நான் ஆறி அட்டையாயிடும். ரெண்டு ஸ்டார்ட்டர் மட்டும் முதல்ல சொல்லுங்க, நான் பரோட்டாவெல்லாம் ஒவ்வொண்ணா சூடா வாங்குங்க. ஒரு கிரேவி எத்தனை பேருக்கு வரும்னு கேளுங்க, சப்ளையருக்கு அது அத்துப்படி, மூணு பேருக்கு ஒரு கிரேவி போதும்ங்கிற இடத்துல ரெண்டு சொல்லிட்டு பாதியை அப்படியே விட்டுட்டு வர்றதைப் பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. சூப்பு ஒன் பை டூ கேட்டா பெரும்பாலான இடத்துல கொடுப்பாங்க.

நேரம் தெரியாம போறதும் தப்புதான். மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பாடு ஓடிக்கிட்டிருக்கிற ஹோட்டல்ல போயி நெய் ரோஸ்ட் கேட்டா, கல்லே போட்டிருக்க மாட்டாங்க, போட்டாலும் அவசரத்துல வெந்தும் வேகாமலும் வரும். மூணரை மணிக்கு மீல்ஸ் கேட்டா ஆறின சோறும் நாலாவது தடவை சுட வச்ச சாம்பாரும்தான். அதே மூணரைக்கு மேல போனா போண்டா, அடை அவியல் எல்லாம் சூடா இறங்கிட்டு இருக்கும், அந்த நேரத்துக்கு அதுதான் சாப்பாடு. பிரியாணின்னா மத்தியானம் தம் உடைச்சதும் சாப்பிடணும், சாயங்காலம் நாலு மணிக்கு அண்டா அடில இருக்கிறதை சாப்பிட்டுட்டு அந்தக் கடையே நல்லா இல்லைன்னு சொல்றது நியாயமில்ல. மைலாப்பூர் ராயர் கஃபேக்கு காலைல பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் போறவங்க பத்தரை மணிக்கு ஆடி அசைஞ்சு போகக்கூடாது. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ல டோக்கன் வாங்கிட்டு நம்பர் வர்ற வரைக்கும் நிக்கணும், அதுக்குத் தகுந்த மாதிரி பசியோட போகணும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பேரு எடுத்த ஐட்டம் இருக்குங்க, ரத்னா கஃபேன்னா சாம்பார்ல முங்கின இட்லி, அங்க போயி நூடுல்ஸ் இருக்கான்னு கேக்காதீங்க.

ரீல்ஸை மட்டும் பாத்துட்டுப் போறதுதான் இப்ப ரொம்ப நடக்குது. சீஸை இழுத்துக் காட்டி "வேற லெவல் மக்களே"ன்னு சொல்றவருக்கு சாப்பாடு ஓசி, சில நேரம் மேல காசும் உண்டு. காசோ பொருளோ வாங்கிட்டுப் பேசினா அதை வெளிப்படையா போடணும்னு 2023 ஜனவரில மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு, போடறவங்க கம்மி. ஸ்டாரை நம்புறதை விட, கடைசி ஒரு மாசத்துல ரெண்டு ஸ்டார் மூணு ஸ்டார் கொடுத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க, அஞ்சு ஸ்டாருலயும் ஒரு ஸ்டாருலயும் கோவமோ பாசமோ கூடுதலா இருக்கும், நடுவுல இருக்கிறவங்கதான் நிதானமா எழுதுவாங்க. சாதாரண ஆளுங்க போடுற மங்கலான போட்டோல தெரியிற தட்டுதான் உங்களுக்கும் வரும்.

சாப்பாடு சரியில்லைன்னா முழுசா முடிச்சிட்டு பில்லு வரும்போது சொல்லாதீங்க, ரெண்டாவது வாய்லயே சொல்லுங்க. சிக்கன் எலும்புகிட்ட சிவப்பா இருக்கு, உப்பு கரிக்குது, கிரேவி புளிச்ச வாடை அடிக்குதுன்னு என்ன குறைன்னு சரியா சொன்னா மாத்திக் கொடுப்பாங்க, "நல்லாவே இல்ல"ன்னு மட்டும் சொன்னா மாஸ்டர்கிட்ட போயி அந்தப் பையன் என்னன்னு சொல்லுவான்? அவன்கிட்ட கத்தாதீங்க, கேப்டனையோ மேனேஜரையோ கூப்பிடுங்க. இப்ப சென்னையில டேபிளுக்கு வர்ற பசங்க நிறைய பேரு அசாம், மணிப்பூர், ஒடிசா, வங்காளம்னு எங்கிருந்தோ வந்து தமிழ் கத்துக்கிட்டு நிக்கிறவங்க, விரலைச் சொடுக்கிக் கூப்பிடுறது, "டேய்"ங்கிறது இதெல்லாம் பாத்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. "தம்பி"ன்னு கூப்பிட்டா போதும். டிப்ஸ் கொடுக்கணும்னு தோணுச்சுன்னா அவன் கைல பணமா கொடுங்க, கல்லால இருக்கிற கியூஆர்ல சேத்துப் போட்டா அது ஓனர் அக்கவுன்டுக்குத்தான் போகும், அவனுக்குப் போய்ச் சேருமான்னு நமக்குத் தெரியாது. சாப்பாட்டால உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க, 2022 ஜனவரில இருந்து பில்லுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் கட்டாயம், உணவுப் பாதுகாப்புத் துறைல புகார் கொடுக்க அந்த நம்பர் இருந்தா எந்தக் கடைன்னு தேடவே வேண்டியதில்ல.

மிச்சமானதைக் கட்டச் சொல்ல வெக்கப்படாதீங்க, நம்ம காசு கொடுத்து வாங்கின சாப்பாடு. ஆனா கொதிக்கிற சாம்பாரையும் சால்னாவையும் பிளாஸ்டிக் கவர்ல ஊத்திக் கொடுத்தா வாங்காதீங்க, ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1ல இருந்தே தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு, இன்னும் கொடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. வண்டில ரெண்டு எவர்சில்வர் டப்பா கிடக்கட்டும். கிரில் சிக்கன், ஷவர்மாவோட வர்ற மயோனைசை மட்டும் கட்டிக்கிட்டு வராதீங்க. பச்சை முட்டைல பண்ற மயோனைசுக்கு தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷம் தடை போட்டுச்சு, சால்மோனெல்லா மாதிரி கிருமி அதுல சீக்கிரம் பெருகும்ங்கிறதுதான் காரணம். நம்ம ஊரு வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள ஒரு மணி நேரம் கிடந்த மயோனைசைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க. கடைல சாப்பிடும்போதும் "முட்டை போட்டதா, போடாததா?"ன்னு கேட்டுட்டு கிண்ணத்தைத் தொடுங்க.