பாலியோ 1.6 ஓட்டுகிறீர்களா? கழற்றிய பார்ட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

2001-இல் ஃபியட் பாலியோ கார் இங்கே வந்தபோது 1.6 ஜிடிஎக்ஸின் நூறு குதிரைத்திறனைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். இன்றைக்கு அந்த எஞ்சினைப் பற்றிக் கவலையே இல்லை, ஒழுங்காக ஆயில் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்பது ஒரு பிளாஸ்டிக் மூடி, ஒரு ரப்பர் ஹோஸ், ஒரு கதவுக் கைப்பிடி கிடைக்காமல்தான்.

என் வண்டியில் தெர்மோஸ்டாட் ஹவுசிங், அதாவது எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வின் கூடு, விரிசல் விட்டது. பட்டறையில் கழற்றியவர்கள் பழசைக் குப்பையில் போட்டுவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. புதுசு எங்கேயும் இல்லை. உடைந்த துண்டு கையில் இருந்திருந்தால் அதை அளந்து லேத்தில் அலுமினியத்தில் கடைந்து வாங்கியிருக்கலாம், ஆனால் மாதிரி இல்லாமல் யார் கடைவார்கள்? இன்னொரு பாலியோக்காரரிடம் அவருடைய ஹவுசிங்கை இரவல் கேட்டுக் கழற்ற வைத்து, அளவெடுத்து, திரும்ப மாட்டிக் கொடுத்து... மூன்று வாரம். அதனால் உடைந்ததோ தேய்ந்ததோ, கழற்றிய எதையும் ஒரு கவரில் போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள்.

அடுத்து, கடையில் கார் பெயரைச் சொல்லிக் கேட்பதை நிறுத்துங்கள். 'பாலியோவா, வராது சார்' என்று முடித்துவிடுவார்கள். பேரிங்கின் விளிம்பில் நம்பர் அடித்திருக்கும், அதைச் சொன்னால் சாதாரண பேரிங் கடையிலேயே எடுத்துத் தருவார்கள். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவு போதும். ஃபேன் பெல்ட்டில் 6பிகே என்று தொடங்கினால் ஆறு வரி, பின்னால் வரும் எண் மில்லிமீட்டரில் நீளம். ஃபியூயல் பம்ப் போனால் டேங்குக்குள் இருக்கும் மொத்த செட்டையும் தேடி அலைய வேண்டாம், பெரும்பாலும் உள்ளே இருக்கும் மோட்டாரை மட்டும் அதே பிரஷரும் அளவும் பார்த்து மாற்றினால் சரியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து எஞ்சின் பாகம் வரவழைக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். ஃபியட்டில் 1.6 பதினாறு வால்வு என்ற பெயரில் 1581 சிசி ஒன்று, 1596 சிசி இன்னொன்று என இரண்டு உண்டு, சிலிண்டரின் விட்டமும் (போர்) பிஸ்டன் நகரும் தூரமும் (ஸ்ட்ரோக்) வேறு வேறு. நம்முடையது 1596, ஐரோப்பாவின் ஃபியட் ஸ்டிலோ காரில் இருந்த 1.6-உம் அதே சிசி. பிரேசில் விற்பனையாளர் பாலியோ 1.6 என்று போட்டிருக்கிறார் என்பதற்காகப் பிஸ்டன் ரிங்குக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள், பிளாக்கில் உள்ள எஞ்சின் கோடை முதலில் படியுங்கள்.

வால்வுகளை எஞ்சின் சுற்றோடு இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ரப்பருக்கு வயசாகும், நான் நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். அறுந்தால் வால்வு வளையும், அப்புறம் வால்வு தேடி ஓட வேண்டும். பெல்ட் மாட்டும்போது, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் டூல் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள், பெயிண்ட் மார்க் போட்டுச் செய்துவிடலாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெட்ரோலில் எத்தனால் கூடியதிலிருந்து பழைய ஃபியூயல் ஹோஸ்தான் எனக்குப் பெரிய பயம். இருபது சதவீத எத்தனாலை நினைத்துச் செய்த ஹோஸ்கள் இல்லை இவை. டேங்குக்கு வெளியே உள்ள மொத்தத்தையும் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சடித்த ஹோஸுக்கு மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. பெட்ரோல் வாசனை வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது.

பழைய வண்டிகளின் பார்ட் தேட சென்னை என்றால் புதுப்பேட்டை, கோவை என்றால் உக்கடம். போனில் விசாரிப்பது வீண், பழைய பார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். 1.2 பாலியோ, ஃபியட்டின் சியனா, பெட்ரா கார்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் உள்சாமான் நிறைய பொருந்தும். ஆனால் 2007-இல் வந்த 'பாலியோ ஸ்டைல்' மாடலின் முகமே வேறு, அதன் ஹெட்லைட்டை வாங்கி வந்து முழிக்காதீர்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ வாங்கினால் அதே வண்டியின் சாவியும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டியும் சேர்த்து வாங்குங்கள், தனியாக வாங்கினால் ஸ்டார்ட் ஆகாது.

வீட்டில் சேர்த்து வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி, டெயில் லைட், சென்சார், கைப்பிடி எல்லாம் எத்தனை கிடைத்தாலும் வாங்கலாம். ரப்பரைச் சேர்க்காதீர்கள், பத்து வருடம் அலமாரியில் கிடந்த புஷ் (சஸ்பென்ஷன் மூட்டில் வரும் ரப்பர்) புதுசு அல்ல. கோவையில் மாதிரி கொடுத்தால் புஷ் வார்த்துத் தரும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன, நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் அச்சுச் செலவு பிரிந்துவிடும்.

எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பதிவுப் புதுப்பிப்பு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, இருபது தாண்டியதற்கு 2025-இல் 10,000. பசுமை வரி தனி.

தரையிலும் முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காரும் இடத்திலும் துரு ஓட்டை போட்டிருந்தால் வெல்டிங் வைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அப்போது உங்கள் வண்டியே இன்னொருவருக்கு ஸ்பேர். முன் கண்ணாடி, ஈசியூ, சாவி, டெயில் லைட் இவற்றை முதலில் கழற்றி எடுத்துவிட்டு, அதன்பிறகு ஸ்கிராப்காரருக்கு போன் போடுங்கள்.