ஒரு லத்தீன் சொல் ஐந்து மொழிகளில் என்ன ஆனது? தேடிப் பார்க்கும் முறை

அகராதியின் தலைச்சொல்லில் தொடங்காதீர்கள். 'இரவு' என்பதற்கு அங்கே 'நொக்ஸ்' என்றிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஓரடி நகர முடியாது. பேச்சு வழக்கில் வாழ்ந்தது பெரும்பாலும் செயப்படுபொருள் வேற்றுமை (தமிழின் 'ஐ' வேற்றுமை போன்றது) வடிவம்தான்: 'நொக்தெம்'. கடைசி 'ம்'மை வெட்டிவிடுங்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட ரோமானிய நகரமான பொம்பெயியின் சுவர்க் கிறுக்கல்களிலேயே அது பல இடங்களில் விடுபட்டிருக்கிறது.

இப்போது கையில் 'நொக்தே'. நடுவில் உள்ள 'க்த்' கூட்டைக் கவனியுங்கள், விஷயம் முழுக்க அங்கேதான். இத்தாலியத்தில் அது 'த்த்' ஆகும்: நொத்தே. ஸ்பானியத்தில் 'ச்ச்': நோச்சே. போர்ச்சுகீசியத்தில் 'ய்த்': நோய்த்தே. ருமேனியத்தில் 'ப்த்': நவாப்தே. பிரெஞ்சிலும் 'ய்த்'தான், ஆனால் 'த்' இன்று பெரும்பாலும் எழுத்தில் மட்டும்: நுயி.

ஒரே சொல்லோடு நிறுத்தினால் அது தற்செயலா விதியா என்று தெரியாது. குறைந்தது மூன்று சொற்களில் சோதியுங்கள். அதே மொழி வரிசையில் 'எட்டு' (ஒக்தோ): ஒத்தோ, ஓச்சோ, ஓய்து, ஒப்த், உயித். அடுத்து 'பால்' (லக்தெ): லாத்தே, லேச்சே, லெய்த்தே, லாப்தே, லே. அழகாகப் பொருந்துகிறது!

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஸ்பானியத்தில் 'நொக்துர்னோ' (இரவுக்குரிய) என்று 'க்த்' அப்படியே நிற்கும். அது வாய்வழி வந்ததல்ல, படித்தவர்கள் பின்னாளில் ஏட்டிலிருந்து எடுத்தது, விதி பொய்க்கவில்லை. இன்றைய சொல்லிலிருந்து லத்தீனுக்குப் பின்னோக்கிப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும்: 'நிறைய' எனப் பொருள்படும் ஸ்பானிய 'மூச்சோ'வின் 'ச்ச்' வந்தது 'முல்தும்' என்பதன் 'ல்த்'திலிருந்து. இத்தாலிய 'மோல்தோ'வைப் பக்கத்தில் வைத்தால் உடனே பிடிபடும்.