மாலேயில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவு போய் வந்தவர்களிடம் மாலே எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் விமான நிலையத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். வெலானா விமான நிலையம் மாலேயிலேயே இல்லை, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில் இருக்கிறது. 2018இல் சினமாலே பாலம் திறக்கும் வரை தலைநகருக்குப் போகப் படகுதான் வழி. இப்போது டாக்சியிலோ பஸ்ஸிலோ ஏறினால் சில நிமிடம்.

இந்த ஊரைக் கணக்கில் சேர்க்காமல் டிக்கெட் போடுவதுதான் முதல் தவறு. ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் இறங்குகிறவர் அன்றிரவு இங்கேயே தங்க வேண்டி வரும். அந்த நேரத்தில் அவசரமாக அறை தேடி, காலையில் எழுந்து ஓடினால் ஊர் எங்கே மனதில் நிற்கும்? அதற்குப் பதில் ஒரு முழு நாளை முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். மாலே ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர்தான், நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் அந்த நாள் வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டாம். வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி முற்பகலில் ஊரே அடங்கிக் கிடக்கும், தேசிய அருங்காட்சியகமும் திறக்காது. மற்ற நாட்களிலும் தொழுகை நேரத்தில் பல கடைகள் கால் மணி நேரம் போல மூடும். கதவைத் தட்டாமல் காத்திருங்கள். ரமலானில் பகல் நேரத்தில் வெளியில் சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சுங்கத்தில் மாட்டுவது அடுத்தது. மது, பன்றி இறைச்சி, வேப் கருவி எதற்கும் அனுமதி இல்லை. விமானத்தில் ஏறும் முன் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலுக்கும் இதே விதிதான். நம்மவர்கள் யோசிக்காத ஒன்று: வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உண்டு. பயணத் துணைக்கு என்று கைப்பையில் வைக்கும் சின்னப் பிள்ளையாரை இந்த ஒரு முறை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ரிசார்ட்டில் போடும் உடை இங்கே ஆகாது. ஆண், பெண் யாராக இருந்தாலும் தோளும் முழங்காலும் மறைந்தால் போதும். குளிக்கும் கரையிலும் நீச்சலுடையை மட்டும் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. மக்கள் குடியிருக்கும் மற்றத் தீவுகளுக்கும் இந்த விதி பொருந்தும், சில தீவுகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய கரைகள் மட்டும் விலக்கு.

பலர் தங்க நிறக் குவிமாடம் கொண்ட பெரிய பள்ளிவாசலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஹுகுரு மிஸ்கி என்ற பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1658இல் பவளக்கல்லில் கட்டியது. கடலிலிருந்து எடுத்த பவளத்தை அறுத்து, ஒன்றோடொன்று கோத்து, அதில் எழுத்தும் பூவேலையும் செதுக்கியிருக்கிறார்கள். கட்டடம் நேர் மேற்கைப் பார்த்திருக்க, மக்காவின் திசை சற்று வடக்கே விலகியிருப்பதால், உள்ளே தொழுகிறவர்கள் ஒரு மூலையை நோக்கித் திரும்பி நிற்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதி பெற வேண்டும். கேட்காமல் நுழைந்துவிடாதீர்கள். வெளிச்சுவரையும் செதுக்கிய கல்லறைக் கற்களையும் பார்க்கவே அரை மணி நேரம் ஆகும்.

சாப்பாட்டுக்கு ஹோட்டல் அறையை நம்பியிருக்க வேண்டாம். ஊர் டீக்கடைக்கு ஹோட்டா என்று பெயர். சாய், கூடவே ஹெதிகா என்கிற சிறு பலகாரங்கள். காலையில் மஸ் ஹுனி: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்தது, அதோடு சாப்பிட சப்பாத்தி போன்ற ரொஷி. சைவக்காரர்கள் கவனம், சமோசா போலத் தெரியும் பஜியாவுக்குள்ளும் மீன் இருக்கும். 'மஸ்' என்றால் மீன். அந்த ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பணத்தை மொத்தமாக ருஃபியாவாக மாற்றிவிடாதீர்கள். மாலத்தீவுக்கு வெளியே அதைத் திரும்ப மாற்றுவது கஷ்டம். டாக்சிக்கும் டீக்கடைக்கும் ஆகும் அளவு போதும்.

அப்புறம், மீன் சந்தைக்குக் காலையில் போய் ஏமாறாதீர்கள். தோணிகள் கரை திரும்புவது பிற்பகலில். அங்கேயும் படகுக்குப் பெயர் தோணிதான். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு இந்தத் துறைமுகத்துக்கு வந்து போகிற பழக்கம் உண்டு. வடக்குக் கரையில் நின்றால், முழுச் சூரையைச் சில நொடிகளில் துண்டு போடும் கைகளைப் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

நினைவுக்கு எடுத்துப்போக நினைத்தால் பவளத் துண்டையும் ஆமை ஓட்டையும் தொட வேண்டாம், வெளியே கொண்டுபோகத் தடை. பக்கத்துச் சந்தையில் நல்ல மாசிக் கருவாடு கிடைக்கும். கட்டை போல இறுகியதாகப் பார்த்து வாங்கி, இரண்டு உறை போட்டு, துணிகளோடு சேர்க்காமல் கட்டுங்கள்.