லித்தியத்தை உப்பென்று நம்பும் உடம்பு

மனநிலை மிதமிஞ்சி ஏறியும் இறங்கியும் போகும் பைபோலர் நோய்க்கு லித்தியம் குளிசை எழுதப்பட்டிருந்தால், அதை உப்பாகப் பார்க்கப் பழகுங்கள். ஆவர்த்தன அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே இருப்பது லித்தியம். ஆள் சிறியது, குணம் கிட்டத்தட்ட ஒன்று. நரம்புக்கலமும் சிறுநீரகமும் இரண்டையும் சரியாகப் பிரித்தறிவதில்லை. மருந்து வேலை செய்வதும் அதனால்தான், ஆபத்தாக மாறுவதும் அதனால்தான்.

நரம்புக்கலம் ஒரு சைகையை அனுப்பும்போது அதன் சோடியம் வாசல்கள் திறக்கும். அந்த வாசலால் லித்தியமும் உள்ளே போய்விடும். வந்த சோடியத்தை வெளியே தள்ளக் கலத்துக்கு ஒரு பம்பி இருக்கிறது. ஆனால் அந்தப் பம்பி லித்தியத்தை அவ்வளவு இலகுவாகத் தள்ளாது. உள்ளே தங்கிய லித்தியம், மக்னீசியம் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு சில நொதியங்களை மந்தமாக்குகிறது. இரண்டு முக்கியம். ஒன்று, கலம் சைகைக்குப் பாவித்த இனோசிற்றோல் என்ற பொருளை மீண்டும் எடுத்துக் கொடுக்கும் நொதியம். அது மந்தமானால் கலத்துக்குள் கல்சியத்தைக் கிளப்பிவிடும் தூதுப் பொருள் குறையும். அளவுக்கு மீறி ஓடுகிற கலத்தில்தான் இது கூடுதலாகப் பிடிக்கும் என்பதே இந்த விளக்கத்தின் அழகு. மற்றது ஜீஎஸ்கே-3 என்ற நொதியம். அதை அடக்கினால் கலம் எந்த மரபணுக்களை வாசிக்கிறது என்பதே மெல்ல மாறும். மெல்ல என்பதைக் கவனியுங்கள். மேனியா, அதாவது மனநிலை மிதமிஞ்சி ஏறிய நிலை, அடங்க ஒன்றிரண்டு கிழமை பிடிப்பது இதனால்தான். மூன்றாம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று குளிசையைக் கூட்டிப் போடவேண்டாம்.

ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் இதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து 1949 இல் எழுதினார். இனோசிற்றோல் விளக்கம் வர 1980கள் ஆயிற்று. ‘மூளையில் கெமிக்கல் குறைவு, அதை நிரப்புகிறோம்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். லித்தியத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. உடம்பில் லித்தியம் குறைந்து யாருக்கும் பைபோலர் வருவதில்லை.

இனிக் குருதிப் பரிசோதனை. பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தில் குருதி எடுக்கவேண்டும். இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு. காலையிலும் ஒரு நேரம் போடுபவர் என்றால் குருதி கொடுத்த பிறகுதான் அதைப் போடவேண்டும். குளிசையைப் போட்டுவிட்டு லெப்புக்குப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், வைத்தியரும் தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ காலை நெரிசலில் பஸ் ஏறுபவர்கள் அந்த 12 மணித்தியாலத்தைக் கணக்குப் பார்த்து முதல்நாள் இரவுக் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள், போட்ட நேரத்தைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். இன்னொன்று, பச்சை மூடிக் குழாய். அதற்குள் குருதி உறையாமலிருக்கப் பூசப்படுவது பல வேளை லித்தியம் ஹெப்பரின். அந்தக் குழாயில் எடுத்தால் குளிசை போடாத ஆளுக்கும் லித்தியம் காட்டும்! ‘லித்தியம் லெவல் பார்க்க’ என்று குருதி எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பொதுவாகத் தேடும் அளவு லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். கடும் மேனியாவில் 1.0 வரை போகலாம். 1.5 ஐத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள். குளிசையின் அளவை மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்துத்தான் லெவல் பார்க்கவேண்டும், அதற்கு முன் அது நிலைக்காது. பிறகு நிலைக்கும்வரை கிழமைக்கு ஒருமுறை, முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைரோயிட், கல்சியம் மூன்றையும் 6 மாதத்துக்கு ஒருமுறை.

லித்தியத்தை ஈரல் உடைப்பதில்லை. முழுவதும் சிறுநீரகத்தால்தான் போகவேண்டும். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். கொழும்பு வெயிலில் ஒருநாள் அலைந்து வியர்த்தால், வயிற்றோட்டம் வந்தால், கந்தசஷ்டிக்கோ நோன்புக்கோ தண்ணீர் குடிக்காமலிருந்தால் குளிசை அதேதான், குருதியில் மட்டும் லெவல் ஏறும். விரதம் பிடிக்க விரும்பினால் முதலே வைத்தியரிடம் கேளுங்கள். பிரஷருக்காகத் திடீரென உப்பை நிறுத்துவதும் இதே கதை. கருவாடு தின்பவர் தின்னட்டும், தின்னாதவர் தின்னவேண்டாம், அளவு நாளுக்கு நாள் மாறாமலிருந்தால் போதும். பிளேன்டீயும் அப்படித்தான். நாளுக்கு ஆறு கோப்பை குடித்தவர் ஒரேயடியாக விட்டால் லெவல் உயரும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடியுங்கள், பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில். செவ்விளநீர் அதற்கு ஈடல்ல. அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் சொற்பம். சத்தி நிற்காவிட்டால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பார்மசியில் முதுகுவலி, பல்வலி என்று கேட்டால் டைக்ளோபெனாக்கோ இபுபுரூபனோதான் கையில் வரும். சிறுநீரகத்துக்குக் குருதி பாயும் குழாயை அவை ஒடுக்கிவிடும், லித்தியம் வெளியேறாது. பனடோல் போதும். டெங்குக் காலத்தில் காய்ச்சலென்றால் டைக்ளோபெனாக்கையும் இபுபுரூபனையும் எப்படியும் தொடக்கூடாது, கூடவே லித்தியம் போடுவதையும் சொல்லுங்கள். பிரஷர் குளிசைகளில் லொசாட்டன், எனலப்ரில், சிறுநீர் பிரிக்கும் தையசைட் வகை மூன்றும் லெவலை உயர்த்தும். அவற்றைப் புதிதாகத் தொடங்கினால் ஒரு கிழமையில் குருதி பாருங்கள். பிரஷர் கிளினிக்குக்கும் மனநலக் கிளினிக்குக்கும் கொப்பி வேறு வேறு. ஒன்றில் எழுதியது மற்றதுக்குத் தெரியாது, நீங்கள்தான் இரண்டையும் காட்டவேண்டும்.

கை நடுக்கத்தைத் தேத்தண்ணிக் கோப்பையில் பாருங்கள். கோப்பை தட்டில் இலேசாகக் கிண்கிணுத்தால் அது பலருக்கும் வரும் மெல்லிய நடுக்கம், அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். தேத்தண்ணி சிந்துமளவுக்குக் கை உதறினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், வயிற்றோட்டத்தோடு மயக்கநிலை வந்தால் அது நஞ்சேறல். லெவல் 1.2 என்றாலும், நீண்டகாலம் போடுபவருக்கு அப்படி வரலாம். குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்பது நேரத்தைத் தின்னும்.

குளிசை தவறினால் இரட்டிப்பாகப் போடக்கூடாது, அடுத்த நேரத்துக்குப் போடுங்கள். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கக்கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே பேசவேண்டும். சுகமாகிவிட்டது என்று சட்டென நிறுத்தினால் மேனியா திரும்பும் ஆபத்து அதிகம். நிறுத்துவதென்றால் வைத்தியர் சொல்லி, குறைந்தது 4 கிழமையாவது, முடிந்தால் 3 மாதத்தில், படிப்படியாக. இடையில் தூக்கம் குறைந்து பேச்சுக் கூடினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் 1926 ஐ அழையுங்கள். அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.