வண்ணப் பென்சிலில் அரூப ஓவியம்: எடுத்த எடுப்பில் அழுத்தாதீர்கள்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் வண்ணப் பென்சில் வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். பென்சிலைச் சீவுங்கள், கையைத் துடையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் பூச்சிலேயே அழுத்துவது

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான். உருவம் வரைபவருக்கு முகமோ பழமோ துணை நிற்கும். அரூப ஓவியத்தில் பெரும்பாலும் நிறத்தின் ஆழத்தை நம்பித்தான் இறங்குகிறோம். தாளில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருக்கின்றன. மெழுகோடு வரும் நிறம் அங்கேதான் பிடித்து நிற்கும். எடுத்ததுமே அழுத்தித் தேய்த்தால் மேடு நசுங்கும், பள்ளம் அடைபடும். அப்புறம் எந்தப் பென்சிலை வைத்தாலும் வழுக்கும். ரப்பரால் அழித்தாலும் பழைய வெள்ளை திரும்பாது.

ஏ2 தாளில் ஒரு படத்தை மூன்று வாரம், வேலை முடிந்து வந்து இரவில் வரைந்தேன். நடுவிலிருந்த அடர்நீல வட்டத்தை முதல் நாளே பளபளவென்று தேய்த்துவிட்டேன். கடைசியில் அதன்மேல் செம்மஞ்சள் ஏற்றப் பார்த்தால் ஒரு கோடுகூடப் பிடிக்கவில்லை. சில நாளில் அந்த வட்டம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதறினேன். உண்மையில் அது மேலே கசிந்து வந்த மெழுகு. மென்துணியால் துடைத்ததும் போய்விட்டது. அடைபட்ட தாள் மட்டும் அடைபட்டதுதான். அந்தப் படத்தை முடிக்கவே முடியவில்லை.

பென்சிலைக் கூர்முனையிலிருந்து தள்ளி, பின்பக்கமாகப் பிடியுங்கள், அதன் எடையே போதும். ஐந்தாறு அடுக்குகள் ஏறட்டும். அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது கடைசி வேலை. போன வாரம் ஓர் அக்கா, “வெளிறிப்போய் இருக்கே தம்பி” என்று அழுத்தப் போனார். “இன்னும் ரெண்டு பூச்சு பொறுங்க அக்கா” என்றேன். மஞ்சள்மேல் மெஜந்தா, அதன்மேல் மெல்லிய நீலம். அடியிலிருந்த மஞ்சள் தணல்போலத் தெரிந்தபோது அவரே கையை எடுத்துவிட்டார்.

நகலெடுக்கும் தாள்

வேண்டாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் இத்தனை அடுக்கைத் தாங்காது. ஓவியப் பொருள் கிடைக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால், 200 கிராமுக்குக் குறையாத, சற்றே சொரசொரப்பான தாளாகத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சிவப்பின்மேல் பச்சை

சேறாகும். சேறுதான் வேண்டுமென்றால் சரி.

சன்னலுக்கு எதிரே மாட்டுவது

ஊதா, இளஞ்சிவப்பு வகைகள் பல சீக்கிரம் வெளுக்கும். பென்சிலின் ஒளித்தாங்கும் தரத்தை நிறுவனத்தின் நிற அட்டவணையில் பார்த்து வாங்குங்கள். முடித்த படத்தை வெயில் படாத சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுங்கள். வரையாத தாள்களை ஜிப் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.