கார்பன் விலை: அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றில் புகையைக் கலப்பவரே அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். கார்பன் விலை என்பது இவ்வளவுதான். ஸ்வீடன் 1991-ல் போட்ட கார்பன் வரி இன்றும் நிற்கிறது. ஆஸ்திரேலியா 2012-ல் வைத்த விலையை இரண்டே வருடத்தில் ரத்து செய்தது. செயல்படுத்தும் விதத்தில் கோட்டை விட்டால் எவ்வளவு நல்ல திட்டமும் நிலைக்காது.

முதல் தவறு, மக்களுக்குத் திருப்பித் தரும் பணம் அவர்கள் கண்ணில் படாமல் போவது. கனடாவில் 2024-ல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 80 கனடா டாலர் விலை இருந்தது. பெட்ரோலில் லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. ஒன்டாரியோவில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,120 டாலர். ஆனால் தொடக்கத்தில் அது வருமான வரிக் கணக்கோடு கலந்து வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் நேராகப் போட ஆரம்பித்த பிறகும், பாஸ்புக்கில் என்ன பணம் என்றே புரியாத பெயர்களில் விழுந்தது. கொடுத்த காசு ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் உறுத்தியது. வந்த காசு மனதில் பதியவே இல்லை.

போதாக்குறைக்கு 2023 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று வருட விலக்கு கொடுத்தார்கள். அதனால் அதிகம் பயனடைந்தவை அட்லாண்டிக் மாகாணங்கள். எரிவாயுவில் வீட்டைச் சூடாக்கும் சஸ்காட்செவன் மாகாணம் கொதித்தெழுந்து, அதற்கான வரியை வசூலிப்பதையே நிறுத்தியது. ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் எல்லோரும் கேட்கத்தான் செய்வார்கள். 2025 ஏப்ரல் 1-ல் பொதுமக்கள் மீதான கட்டணம் நீக்கப்பட்டது. பெரிய ஆலைகளுக்கான விலை தொடர்கிறது. நல்ல திட்டம் இப்படி வீணானதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

இந்தியாவில் வேறொரு தவறு நடந்தது. நிலக்கரிக்கு 2010-ல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தீர்வை 2016-ல் 400 ரூபாய் ஆனது. தூய ஆற்றல் ஆராய்ச்சிக்கும் திட்டங்களுக்கும் என்று சொல்லி வசூலித்த பணம் அது. பெரும்பகுதி அதற்கென்று வைத்த நிதியத்துக்கே போகவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குச் செலவழிக்காவிட்டால் அடுத்த முறை யார் நம்புவார்கள்?

இவ்வளவு டன் உமிழலாம் என்று ஆலைகளுக்குத் தரும், வாங்கி விற்கக்கூடிய அனுமதிச் சீட்டுகளை அள்ளி வழங்குவதும் ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் தொடங்கிய கார்பன் சந்தையில் இந்தச் சீட்டுகளைத் தேவைக்கு மேல் இலவசமாகக் கொடுத்ததால் 2007-ல் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. உபரிச் சீட்டுகளைச் சந்தையிலிருந்து எடுத்து இருப்பில் வைக்கும் ஏற்பாட்டை 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2023 பிப்ரவரியில் விலை டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது.

விலை மட்டுமே புதுத் தொழில்நுட்பத்தைப் பிறப்பிக்கும் என்று நம்புவதும் தவறுதான். பிரிட்டன் 2013-ல் கார்பனுக்கு அடிவிலை, அதாவது குறைந்தபட்ச விலை, வைத்தது. கூடவே கடல் காற்றாலைகளுக்கு ஏலம் நடத்தி, 15 வருடத்துக்கு மின்சார விலையை உறுதி செய்தது. 2015 ஏலத்தில் ஒரு மெகாவாட்-மணிக்கு 114 பவுண்டுக்கு மேல் இருந்த விலை, 2022-ல் 37 பவுண்டு அளவுக்கு இறங்கியது. 2024 செப்டம்பரில் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடினார்கள்.

2023-ல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் சந்தையில் ஒவ்வொரு டன் உற்பத்திக்கும் எவ்வளவு உமிழலாம் என்று இலக்கு வைக்கிறார்கள். அது தளர்வாக இருந்தால் ஐரோப்பா 2007-ல் பட்டதை நாமும் படுவோம். இலக்கை இறுக்கமாக வைக்க வேண்டும். வரும் ஆண்டுகளில் அது எவ்வளவு இறுகும் என்பதையும் ஆலைகளுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும்.